கணக்கில் வராத வாசிப்பு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள அந்த ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் புத்தகம் வாசிக்கிறார்கள் என்ற சந்தேகம் பல வருடங்களாக இருந்துவந்தது. அதை நிரூபிக்க வழியில்லாமல் இருந்ததுதான் அதிபர் நமசிவாயத்தின் கவலை.

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் நூலக அலுமாரியைத் திறந்து ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் இருப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் அடுத்த மணி அடித்தும் எழும்பாமல் ஏச்சு வாங்குவார்கள். ஆனால் இவற்றில் எதையும் வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பிவைக்க முடியாது. சிரிப்பை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் சொல்லப்படவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இலக்கணில்.

இலக்கு, அணில் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து அந்தச் செயலிக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெற்றோரின் போனில் அதை இறக்கிக்கொள்ள வேண்டும். திறந்தால் ஒரு தென்னைமரம் தெரியும். அடியில் ஒரு அணில் நிற்கும். செயலிக்குள் இருக்கும் கதைப் புத்தகத்தில் பிள்ளை ஒரு பக்கத்தைத் தட்டித் திருப்பினால் அணில் கொஞ்சம் மேலே ஏறும். கிழமைக்கு இத்தனை பக்கம் என்று பிள்ளையே தனக்கு ஒரு இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இலக்கை அடைந்தால் அணில் உச்சிக்குப் போய் இளநீர் குடிக்கும். அடையாவிட்டால் விழும். விழும்போது ஒரு சத்தம் வரும். பிள்ளைகளின் மனம் நோகாதபடி நிபுணர்கள் பார்த்துப் பார்த்து அமைத்த சத்தம் அது என்று சொன்னார்கள்.

அறிமுக விழாவுக்குப் பெற்றோர் எல்லோரும் வரவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. ஏசி திருத்தும் வேலை செய்யும் வலன்ரைன் கல்கிசையில் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் இருந்தார். அவருடைய மகள் லவினா மூன்றாம் தரத்தில் படித்தாள்.

அதிபர் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெற்றோரே, ஒரு பிள்ளை புத்தகத்தை வாசித்ததா என்று அறிய இதுவரை அந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு கதைக்க வேண்டும். பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டும். எவ்வளவு நேரம் வீணாகப் போயிருக்கிறது. இன்று முதல் இந்தப் பாடசாலையில் எவரும் எந்தப் பிள்ளையோடும் கதைக்கத் தேவையில்லை என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். வலன்ரைனும் தட்டினார்.

அடுத்து, செயலியைச் செய்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த மெல்ரோய் என்ற இளைஞர் பேசினார். "நான் சின்னனில ஒரு புத்தகமும் வாசிக்கேல்லை. ஏனெண்டா எனக்கு ஒரு இலக்கு இருக்கேல்லை. இலக்கு இருந்திருந்தா எத்தின புத்தகம் வாசிக்காம விட்டனான் எண்டாவது இண்டைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

லவினா வாசிக்கிற பிள்ளை. ஆனால் மெதுவாக வாசிப்பாள். ஒரு வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அதே வரியை மறுபடி வாசிப்பாள். பாடசாலை அலுமாரியில் 'கப்பலில் போன ஆடு' என்றொரு பழைய புத்தகம் இருந்தது. அதை எத்தனையோ தடவை எடுத்துவிட்டாள். வகுப்பாசிரியை மேபல் டீச்சர் ஒருநாளும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. "இந்த முறை என்ன புதுசாக் கண்டனீங்க?" என்று மட்டும் கேட்பார். ஒவ்வொரு முறையும் லவினாவிடம் ஒரு பதில் இருக்கும்.

விழா முடிந்த மறுநாள் இலக்குக் கலந்துரையாடல் நடந்தது. பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இலக்கைக் கேட்டு மேபல் டீச்சர் தன் டப் கணினியில் பதியவேண்டும்.

"லவினா, இந்தக் கிழமை உங்கட இலக்கு என்ன?"

லவினா நிதானமாக யோசித்தாள். "கப்பல் வெளிக்கிடேக்க அந்த ஆடு ஏன் அழேல்லை எண்டு கண்டுபிடிக்கோணும்."

மேபல் டீச்சர் டப்பைப் பார்த்தார். அந்தக் கட்டத்துக்குள் இலக்கங்கள் மட்டுமே விழும். அவர் எதற்கும் ஒருமுறை 'ஆடு' என்று அடித்துப் பார்த்தார். கட்டம் சிவந்தது.

"நல்ல இலக்குத்தான். ஆனா இது எடுக்குதில்லை. ஒரு நம்பர் சொல்லுங்கோ மகள்."

"ஒண்டு."

"ஒரு பக்கமா?"

"ஒரு ஆடு."

மேபல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அறுபது என்று போட்டுவிட்டு, "இவ என்ட வகுப்பில இருக்கிறது என்ட அதிர்ஷ்டம், வலன்ரைன்" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வலன்ரைன் அவரை முழுதாக நம்பினார்.

போன் வலன்ரைனுடையது என்பதால் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் லவினா வாசிக்கலாம். அவள் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது கல்கிசையிலிருந்து யாராவது போன் எடுத்து ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது என்பார்கள். அழைப்பு வந்ததும் செயலி மூடிக்கொள்ளும். அணில் விழும். மறுநாள், லவினா கவனம் சிதறும் வாசகி என்று பாடசாலையிலிருந்து அறிக்கை வரும். வலன்ரைன் பின்னேரங்களில் அழைப்புகளை எடுக்காமல் விட்டார். ஒழுகும் ஏசிக்காரர்கள் வேறு ஆட்களைத் தேடிப் போனார்கள். அப்படியும் அணில் பெரிதாக ஏறவில்லை. ஏனென்றால் லவினா முதலாவது பக்கத்தில் இருந்த மழையைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் கட்டமாகப் பெற்றோருக்கு நினைவூட்டும் வசதி வந்தது. வலன்ரைன் இரத்மலானையில் ஒரு வீட்டில் ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு குழந்தைக் குரல், "அப்பா, நான் இன்னும் கீழேதான் நிற்கிறேன். எனக்கு உதவி செய்ய மாட்டீர்களா?" என்று கேட்டது. வீட்டுக்காரப் பெண் பதறிப்போய், பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டபடி வளவு முழுக்கத் தேடினார். தண்ணீர்த் தாங்கியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தார். அது அணில் என்று வலன்ரைன் விளக்கியபோது அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயம் வேறு விதமாக மாறியது.

பாடசாலை வாசலில் அறிவித்தல் பலகையைக் கழற்றிவிட்டுப் பெரிய தொலைக்காட்சி பூட்டினார்கள். அதில் எல்லாப் பிள்ளைகளின் அணில்களும் வரிசையாக நின்றன. இலக்கை அடைந்த பிள்ளையின் பெயர் பச்சை, அடையாத பிள்ளையின் பெயர் சிவப்பு. சிவப்புப் பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் முன்வரிசையில் தனியாக நிற்கவேண்டும். அதற்கு அன்பு வரிசை என்று பெயர். ஆசிரியர்கள் கடந்து போகும்போது அவர்களைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பெருவிரலால் பக்கத்தை விரட்டும் முறையைக் கெதியாகவே பழகிவிட்டார்கள். றமேஷ் என்ற நாலாம் தரப் பிள்ளை, தகப்பன் வாசலில் வாங்கிக்கொடுத்த வடையைத் தின்று முடிப்பதற்குள் ஒரு புத்தகத்தை முடித்தான். அவனுக்குத் தங்க அணில் கிடைத்தது. எந்தப் புத்தகம் பிடித்தது என்று மேடையில் அதிபர் கேட்டார்.

"எல்லாமே கெதியாப் போகுது சேர்" என்றான் றமேஷ்.

"இதுதான் உண்மையான வாசகனின் குரல்" என்றார் அதிபர்.

ஆனாலும் இடைவேளையில் சில பிள்ளைகள் இன்னும் அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தார்கள். இதைக் கவனித்த அதிபர் அந்தச் செயலுக்குக் கணக்கில் வராத வாசிப்பு என்று பெயர் சூட்டினார். பேரைக் கேட்ட வலயப் பணிமனை அவரைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. அதன் பின்னர் அலுமாரியை விட்டுவைக்க முடியாது.

அலுமாரிக்குப் பிரியாவிடை விழா நடந்தது. மண்டபத்தில் அதை நடுவில் நிறுத்தி மாலை போட்டார்கள். சங்கீத ஆசிரியை இயற்றிய பாடலைப் பிள்ளைகள் பாடினார்கள். அதிபர் வாழ்த்துரை வழங்கினார். "இந்த அலுமாரி நீண்டகாலம் சேவை செய்தது. ஆனால் தன் சேவையை ஒருநாளாவது அது அளந்து காட்டியதில்லை. இதிலிருந்து எடுத்து வாசிக்கப்பட்ட ஒவ்வொரு பக்கமும் நாட்டுக்கு நட்டம்." பிறகு அலுமாரியைப் பூட்டி, திறப்பைத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். எல்லோருக்கும் தின்னப் பற்றிஸும் குடிக்கப் பிளேன்டீயும் கொடுத்தார்கள்.

மேபல் டீச்சர் அழுதார். விழாவின் உருக்கத்தில் அழுகிறார் என்று மற்ற ஆசிரியர்கள் நினைத்தார்கள். உண்மையில், பூட்டுவதற்குச் சற்று முன்பு அவர் ஆட்டுப் புத்தகத்தை எடுத்து லவினாவின் பைக்குள் வைத்திருந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இது எங்கட ரெண்டு பேரிட இரகசியம்."

லவினா டாடிக்கு மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் டாடிக்குச் சொல்வது சொன்னதாகச் சேராது.

அன்பு வரிசையில் மூன்றாவது கிழமையாக நின்ற பிறகு லவினா காலைச் சாப்பாட்டை வெறுக்கத் தொடங்கினாள். வெள்ளவத்தையில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் அவளுடைய தாய் ஜெயராணி பாணைப் பிய்த்து வாயில் வைத்தாலும், லவினா மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "இந்தப் புள்ள வாசிக்கிறதாலதாங்க இவ்வளவு பிரச்சின. வாசிக்காத புள்ளையெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார் ஜெயராணி.

வலன்ரைன் பாடசாலை வாசலில் மேபல் டீச்சரைப் பிடித்து விசயத்தைச் சொன்னார். டீச்சர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் இது பிடிக்கேல்லை வலன்ரைன். நான் இப்ப படிப்பிக்கிறேல்லை, அணில்தான் மேய்க்கிறன். ஒண்டு செய்யுங்கோ. நீங்க வேலை செய்யிற இடத்தில சும்மா இருக்கேக்க அந்தப் பக்கங்களைத் தட்டி விடுங்கோ. அணில் ஏறட்டும். பிள்ளை நிம்மதியா ஆட்டை வாசிக்கட்டும்."

"பிழை இல்லையா டீச்சர்?"

"ஆர் பாக்கப் போறது?"

அன்றிலிருந்து வலன்ரைன் பஸ்ஸிலும், கூரைத் தட்டுகளிலும், ஏசியில் வாயு நிரம்பும்வரை காத்திருக்கும் நேரங்களிலும் தட்டினார். முயலும் நரியும் ராசகுமாரிகளும் அவர் விரலுக்கடியில் ஓடிப்போனார்கள். லவினாவின் பெயர் பச்சையாகியது.

அவள் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டாள். ஒருநாள் ஆட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "டாடி, அணிலுக்கும் இந்தக் கதை விருப்பம் போல. நான் இதை வாசிச்சாலும் அது ஏறுது" என்றாள்.

வலன்ரைன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "இருக்கும் மகள்" என்றார். அவள் அன்று இரண்டு துண்டு பாண் சாப்பிட்டாள். அதனால் அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தவணை முடிவில், வலய அதிகாரி ஒருவர் வந்து பாடசாலையை முன்மாதிரிப் பாடசாலையாக அறிவிக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. மேபல் டீச்சர் தானாகவே வலன்ரைனுக்குப் போன் எடுத்தார்.

"இதுதான் சந்தர்ப்பம். டீச்சர்மார் முதல்ல வாய் திறக்க ஏலாது. பெற்றோர் ஒருத்தர் எழும்பிக் கேட்டாத்தான் அவை காது குடுப்பினம். நீங்க தொடங்குங்கோ. நான் உடனே எழும்பி, வகுப்பில நடக்கிறதைச் சொல்லுறன்."

"நான் கூட்டங்களில கதைச்சுப் பழக்கமில்லை டீச்சர். நீங்க நிச்சயமா எழும்புவீங்கதானே?"

"அந்தோனியார் மேல சத்தியம்."

வலன்ரைன் இரண்டு நாள் ஜெயராணியின் முன்னால் நின்று பேசிப் பழகினார். "சத்தம் போடாமப் பேசுங்க. ஆனா பாதியில உக்காந்துறாதீங்க" என்றார் ஜெயராணி.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. லவினாவுக்கு வெள்ளி அணில் விருது. மார்பில் குத்திய வெள்ளிச் சின்னத்தை விரலால் தடவியபடி தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தாள்.

வலய அதிகாரி பேசினார். "நான் இந்தப் பாடசாலைக்கு வருவது இதுதான் முதல் தடவை. இங்கு ஒரு பிள்ளையையும் நான் சந்தித்ததில்லை. இருந்தும் எல்லாரையும் எனக்குத் தெரியும். தினமும் காலையில் உங்கள் பிள்ளைகளின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன். இந்தத் தவணை இவர்கள் வாசித்த பக்கங்களை அடுக்கினால் தாமரைக் கோபுரத்தின் உச்சியை எட்டும். பக்கங்கள் போனுக்குள் இருப்பதால் அடுக்க வேண்டிய சிரமமும் இல்லை. புத்தகம் வாசிக்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை. நேரம் கிடைக்காத ஒருவர் இவ்வளவு உயரத்துக்கு வரலாம் என்பதையும் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்."

பிறகு, யாருக்காவது கருத்துச் சொல்ல விருப்பமா என்று அதிபர் கேட்டார். வழக்கமாக இதற்கு எவரும் எழும்புவதில்லை. அவர் ஒலிவாங்கியை வைக்கப் போகும்போது வலன்ரைன் எழும்பினார்.

"சேர், என்ட மகள் வாசிக்கிற பிள்ளை. இது வர முந்தியும் வாசிச்சவ. அவ மெதுவாத்தான் வாசிப்பா. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பா. அதுக்கு இதில இடமில்லை. அவ சிவப்பு வரிசையில நிண்டு நிண்டு சாப்பாட்டையும் விட்டிட்டா. பிள்ளையளிட்ட என்ன வாசிச்சனீங்க எண்டு கேட்டுப் பாருங்கோ சேர். ஒருத்தருக்கும் தெரியாது. என்ட மகளிட்ட அந்த ஆட்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கோ, முழுக்கச் சொல்லுவா."

"எந்த ஆட்டுப் புத்தகம்?" என்று அதிபர் கேட்டார். "அது அலுமாரியில் அல்லவா இருந்தது. அலுமாரி பூட்டியிருக்கிறது. அது எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது?"

வலன்ரைன் தயங்கினார். ஆனால் டீச்சர் எப்படியும் எழும்பப் போகிறார் என்ற தைரியம் இருந்தது. "மேபல் டீச்சர் குடுத்தவ" என்றார்.

மண்டபம் மேபல் டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழும்பினார். வலன்ரைனுக்கு மூச்சு வந்தது.

"நான் குடுக்கேல்லை சேர்" என்றார் மேபல் டீச்சர்.

அவர் அதிபரைப் பார்த்தே பேசினார். "அண்டைக்குப் பூட்ட முந்திப் பிள்ளையள் எல்லாரும் அலுமாரியைச் சுத்தி நிண்டவை. ஆர் எதை எடுத்தது எண்டு நான் காணேல்லை. இலக்கணில் வந்தபிறகு என்ட வகுப்பில வாசிப்பு நல்லாக் கூடியிருக்கு. பெற்றோர் சிலபேருக்குத்தான் இன்னும் விளங்கேல்லை."

டீச்சர் தன்னைப் பார்ப்பார் என்று காத்திருப்பவள்போல லவினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கதிரையில் இருந்துவிட்டார்.

அதிபர் கையை உயர்த்தி மண்டபத்தை அமைதிப்படுத்தினார். "இது ஒரு சிறு பிள்ளை. இதை நாங்கள் களவு என்று சொல்ல மாட்டோம். இலக்கில்லாத ஆர்வம் என்று சொல்வோம். புத்தகத்தை நாளை கொண்டுவந்து தந்தால் போதும். மன்னித்துவிட்டோம்."

பெற்றோர் சிலர் அவருடைய பெருந்தன்மைக்குக் கைதட்டினார்கள்.

நிலைமையைச் சுமுகமாக்க விரும்பிய மெல்ரோய், லவினா எவ்வளவு முன்னேறியிருக்கிறாள் என்று காட்டுவதாகச் சொல்லி அவளுடைய விபரங்களைத் திரையில் போட்டார். எந்த நேரம், எந்த இடத்தில் வாசித்தாள் என்பதெல்லாம் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை காலையில் இந்தப் பிள்ளை இரத்மலானையில் வாசித்திருக்கிறாள்" என்றார் வலய அதிகாரி ஆர்வத்தோடு.

அதிபர் டப்பைப் பார்த்தார். "அதே நேரம் வகுப்பிலும் இருந்திருக்கிறாள்."

"ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலா? மற்ற வலயங்களில் இது இல்லை."

சற்று நேரம் அது பாடசாலையின் சாதனையாகவே இருந்தது. மெல்ரோய்தான் அதிகாரியின் காதுக்குள் எதையோ சொன்னார். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட அதிபரின் முகம் மாறியது.

"வலன்ரைன் ஐயா, பிள்ளைக்குப் பதிலாக நீங்களா வாசித்தீர்கள்?"

"நான் வாசிக்கேல்லை சேர். தட்டினனான்."

"அதுதான் வாசிப்பு" என்றார் மெல்ரோய். "எங்கட சிஸ்டத்தில அதுக்கு வேற பேர் இல்லை."

யார் அப்படிச் செய்யச் சொன்னது என்று சொல்ல வலன்ரைன் வாயைத் திறந்தார். மேபல் டீச்சர் தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த நேரம் லவினா தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாடி, வாங்கோ போவம்" என்றாள். வெள்ளிச் சின்னத்தை ஏற்கெனவே கழற்றிக் கதிரையில் வைத்திருந்தாள்.

அவர்கள் வெளியே போகும்போது, வாசிப்பு இலக்கு இணைப்பாளராக மேபல் டீச்சர் நியமிக்கப்பட்டிருப்பதாக அதிபர் அறிவித்தார். பொன்னாடையைப் போர்த்தும்போது எழுந்த கைதட்டல் வாசல்வரை கேட்டது.

வீதியில் சன நெரிசல். ஜெயராணி கோபத்தில் முன்னால் நடந்தார். லவினா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நான் களவெடுக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே டாடி?"

"தெரியும் மகள்."

"டீச்சருக்கும் தெரியும்."

ஒரு ஓட்டோ கடந்து போகும்வரை நின்றார்கள்.

"அணிலை ஏத்தினது நீங்களா?"

"ஓம்."

தோளிலிருந்து சரிந்த பையைச் சரிசெய்யத் தன் கையை அவருடைய கையிலிருந்து எடுத்தாள். பையைச் சரிசெய்த பிறகு அந்தக் கையைத் திரும்பத் தரவில்லை.

மறுநாள் லவினாவின் அணில் மரத்தின் அடிக்கு இறக்கப்பட்டது. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அது இறங்குவதைத் தொலைக்காட்சியில் மெதுவாக ஓடவிட்டார்கள். வலன்ரைனைப் பொறுப்புள்ள பெற்றோருக்கான பயிற்சியில் சேர்த்தார்கள். சனிக்கிழமைகளில் மூன்றாம் தரப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து, "என் பிள்ளையின் இலக்கு என் பிள்ளையுடையது" என்று மற்றவர்களோடு சேர்ந்து சொல்லவேண்டும். பயிற்சிக்கும் ஒரு அணில் இருந்தது. பயிற்சி கொடுத்தவர் மேபல் டீச்சர். அவர் வலன்ரைனின் பெயரை மட்டும் கூப்பிடாமல் வரவைப் பதிந்துகொள்வார்.

ஜெயராணி வேறு பாடசாலை தேடினார். வெள்ளவத்தையில் விசாரித்தார். கல்கிசையிலும் விசாரித்தார். எல்லா வாசல்களிலும் திரையில் அதே தென்னைமரம் நின்றது.

லவினா ஆட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. தகப்பன் வந்ததும் போனை வாங்குவாள். சுவரோடு சாய்ந்திருந்து பெருவிரலால் தட்டுவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. அழைப்பு வந்தால் போனை நீட்டிவிட்டு, முடிந்ததும் வாங்கி விட்ட இடத்திலிருந்து தட்டுவாள். அடுத்த தவணையின் நடுவில் அவளுக்குத் தங்க அணில் கிடைத்தது. மேடையில் வைத்து, லவினா மீண்டெழுந்த வாசகி என்றார் அதிபர். அவள் விருதை வாங்கி, சொல்லிக்கொடுத்தபடி ஒளிப்படத்துக்குச் சிரித்தாள்.

"அந்தக் கதையில என்ன நடந்தது மகள்?" என்று வலன்ரைன் அன்று பின்னேரம் கேட்டார்.

"எந்தக் கதையில?"

"இண்டைக்கு வாசிச்சது."

"முடிஞ்சுது டாடி" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த நேரம் மேபல் டீச்சர் அவர்களுடைய வீட்டுக்கு வந்தார். பூசைக்கு உடுத்த சேலையோடு, கையில் பளபளப்பான காகிதத்தில் சுற்றிய ஒரு பொதியோடு வாசலில் நின்றார். ஜெயராணி கதிரையைக் காட்டினார். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"விழா அண்டைக்குக் காலமை அதிபர் என்னைக் கூப்பிட்டவர்" என்றார் மேபல் டீச்சர். "இடமாற்றப் பேர்ப்பட்டியலில என்ட பேரைக் காட்டினவர். தூர ஊர். என்ட அவருக்குக் கிழமையில மூண்டு நாள் ஆசுபத்திரியில ரத்தம் சுத்திகரிக்கோணும். நான் கொழும்பை விட்டுப் போக ஏலாது. நீங்க எழும்ப மாட்டீங்க எண்டுதான் நான் மனசுக்குள்ள வேண்டிக்கொண்டு இருந்தனான்."

வலன்ரைன் அவருடைய கைகளைப் பார்த்தார். பொதியின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"எனக்கு விளங்குது டீச்சர். என்னைப் பற்றி நீங்க என்ன சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. நான் கூரையில ஏறுற ஆள், எனக்கு வெக்கம் பெரிசில்லை. ஆனா அவ எட்டு வயசுப் பிள்ளை. நீங்க அவவைப் பாக்கவே இல்லையே."

மேபல் டீச்சர் பொதியை மடியில் வைத்தார்.

"இதை எனக்குச் சொல்லாதேங்கோ. அவவுக்குச் சொல்லுங்கோ" என்றார் வலன்ரைன். உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

லவினா வந்தாள். டீச்சரைக் கண்டதும் வகுப்பில் நிற்பதுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "காலை வணக்கம் டீச்சர்" என்றாள்.

"லவினா," என்று மேபல் டீச்சர் தொடங்கினார். இன்னொருமுறை தொடங்கினார். "மகள், அண்டைக்கு டீச்சர்..." அதற்கும் அப்பால் போகவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு பொதியை நீட்டினார். "இது உங்களுக்கு. புதுப் புத்தகம். நான் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் வாங்கினனான். உங்களுக்குப் பிடிக்கும்."

லவினா மரியாதையாக இரண்டு கைகளாலும் வாங்கினாள். ஒட்டிய இடத்தைக் கவனமாகப் பிரித்து, காகிதத்தை நான்காக மடித்துத் தாயிடம் கொடுத்தாள். அட்டையில் ஒரு யானை மழையில் குடை பிடித்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. புத்தகத்தைக் கிடையாகப் பிடித்து அதன் தடிப்பைப் பார்த்தாள்.

"இதில எத்தின பக்கம் டீச்சர்?"

வலன்ரைன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயராணி மடித்த காகிதத்தைக் கையில் வைத்தபடி நின்றார். பிள்ளை பதிலுக்குக் காத்திருந்தது.

மேபல் டீச்சர் புத்தகத்தைத் திரும்ப வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "நாப்பத்தெட்டு" என்றார்.